மணியடித்த ரெஃப்ரி

கம்பம்மெட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வேதமுத்து வீடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். எந்த வேதமுத்து என்று உங்களையே திருப்பிக் கேட்பார்கள். மாட்டுமணி வேதமுத்து என்று சொன்னால் போதும். டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, ஏலத்தோட்டத்துக்குள் இறங்கும் பாதையைக் கை நீட்டிக் காட்டுவார். காட்டிவிட்டு, "அவரு நடத்துன மேட்ச்ச நான் நேர்ல பாத்திருக்கேன்" என்று சேர்த்துச் சொல்வார். அந்தக் குரலில் உள்ள பெருமையைக் கேட்டால், இதே ஊர் அந்த மனிதனை ஒரு வருடம் முழுக்கத் தூற்றியது என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

வேதமுத்துவிடம் மாடு கிடையாது. மாடு இருந்தது அவருடைய அப்பாவிடம். லாரி வராத காலத்தில் கம்பத்திலிருந்து அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு பொதிமாடுகள் மலை ஏறும். இறங்கும்போது ஏலக்காய் மூட்டை. பாதை குறுகல், ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பாதாளம். அதனால் முன்னால் போகும் மாட்டின் கழுத்தில் பெரிய வெண்கல மணி கட்டியிருப்பார்கள். அந்த மணிச்சத்தம் கேட்டால் எதிரே வருகிறவர்கள் யாராக இருந்தாலும் பாறையோடு ஒட்டி நின்றுவிட வேண்டும். அது மலையின் சட்டம். லாரி வந்ததும் மாடுகள் போயின. மணி மட்டும் வேதமுத்து வீட்டு வாசலில் தொங்கியது. அவர் மனைவி சந்தனமேரி அதை அடித்துத்தான் தோட்டத்தில் மேயும் கோழிகளைக் கூப்பிடுவாள்.

வேதமுத்துவுக்கு வேலை குருவிப்பாறை எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோரில். பறித்த பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, அடியில் விறகு எரித்துச் சூட்டில் உலர்த்தும் கட்டடம் அது. சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் நிறம் போகும். பிறகு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று வரும். அன்று அவர் காக்கி அரைக்கால் சட்டை போட்டு, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு பந்து மைதானத்துக்குப் போய்விடுவார்.

இளவயதில் அவரே நன்றாக ஆடியவர். முழங்கால் போனதும் ஆட்டம் போயிற்று. ஆனால் பந்தை விட்டு விலக மனசு வரவில்லை. அந்த மலையில் ஆட ஆயிரம் பேர் உண்டு, ரெஃப்ரியாக நிற்க ஒருவரும் கிடையாது. நின்றவர்கள் எல்லோரும் அடி வாங்கியவர்கள். வேதமுத்து நின்றார்.

மெட்டில் தை மாதம் நடக்கும் செவன்ஸ் போட்டி பெயர் பெற்றது. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். எஸ்டேட் அணிகள் வரும், கடைவீதி அணிகள் வரும். அந்த வருடங்களில் காசு கொடுத்து வெளியூரிலிருந்து ஆட்டக்காரர்களை இறக்கும் வழக்கமும் வந்துவிட்டது. இன்று ஒரு அணிக்கு, நாளை எதிர் அணிக்கு. அவர்கள் காலில் வித்தை இருந்தது. கூடவே வேறு பல வித்தைகளும் இருந்தன. சட்டையைப் பிடித்து இழுப்பது, ரெஃப்ரி பார்க்காதபோது குதிகாலை மிதிப்பது, யாரும் தொடாமலேயே சுருண்டு விழுந்து அலறுவது.

மைதானம் மலைமுகட்டில், எல்லைக்கோட்டை ஒட்டி இருந்தது. கிழக்கே இருந்த கோலுக்குத் தமிழ்நாட்டுக் கோல் என்றும், மேற்கே இருந்ததற்குக் கேரளாக் கோல் என்றும் ஜனங்கள் பேர் வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டுக் கோலுக்குப் பின்னால் பள்ளம். அங்கே நின்று பார்க்க இடமில்லை. கூட்டமெல்லாம் நடுவிலும் கேரளாக் கோல் பக்கமும்தான். தை மாதக் காற்று கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறி மைதானத்தின் மேல் மேற்கு நோக்கி வீசும். வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மேட்ச் பார்க்க வேண்டும்.

அந்த மலையில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எஸ்டேட்டில் வேலை தொடங்குவதும் நிறுத்துவதும் கங்காணியின் விசிலுக்குத்தான். விசில் கேட்டால் கை நிற்கும், கால் நிற்கும். லயத்து வரிசை வீட்டில் வளர்ந்தவனுக்கு அது ரத்தத்தில் ஊறிய விஷயம். மைதானத்திலும் விசில் எங்கிருந்து வந்தாலும் எஸ்டேட் ஆட்கள் நின்றுவிடுவார்கள். வெளியூர்க்காரன் நிற்க மாட்டான்.

இதைக் கண்டுபிடித்துக் காசாக்கியவர்கள் மெட்டு வியாபாரிகள் அணியினர். காளிச்சாமி என்ற பழைய கங்காணியைக் கேரளாக் கோல் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் மடியில் பழைய விசில் இருந்தது.

எழுபத்தைந்தாம் வருடப் போட்டியில்தான் வேதமுத்துவின் தலையில் இடி விழுந்தது. அரையிறுதியில் மெட்டு அணி ஆடும்போது கூட்டத்தில் யாரோ விசில் ஊத, மெட்டு அணியின் உள்ளூர்ப் பையன்கள் நின்றுவிட்டார்கள். வேதமுத்து பக்கத்திலேயே இருந்தார். அவர் காதில் விழுந்தது. ஆட்டத்தை நிறுத்தி, அதே இடத்தில் பந்தைப் போட்டு மறுபடி தொடங்கச் செய்தார். எல்லோரும் சரி என்றார்கள்.

இறுதிப் போட்டியில் மெட்டு அணியும் குருவிப்பாறை எஸ்டேட் அணியும். குருவிப்பாறைக்காகக் கேரளாக் கோலில் நின்ற கோல்கீப்பர் பிச்சைமணி. சந்தனமேரியின் கூடப் பிறந்த ஒரே தம்பி, வேதமுத்துவின் மைத்துனன். கடைசி நேரம். குருவிப்பாறை ஆட்கள் எல்லோரும் தமிழ்நாட்டுக் கோலை முற்றுகையிட்டிருந்தார்கள். வேதமுத்துவும் அங்கேயே. திடீரென்று மெட்டு அணி பந்தை ஓங்கி உதைத்து அனுப்பியது. அதைத் துரத்திக்கொண்டு ஓடியவன் செங்கோட்டையன். பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியிலிருந்து வாடகைக்கு வந்த முன்னாட்டக்காரன், காற்றைப் போல ஓடுகிறவன். வேதமுத்து வலிக்கும் முழங்காலோடு வெகு தூரம் பின்தங்கி ஓடி வந்தார். அப்போது காளிச்சாமி ஊதினார்.

பிச்சைமணி நின்றான். கையைத் தொங்கவிட்டு நின்றான். செங்கோட்டையன் நிற்கவில்லை. பந்து பிச்சைமணியின் காலருகே உருண்டு உள்ளே போயிற்று.

வேதமுத்து கோல் என்றார்.

"விசில் அடிச்சது மச்சான்" என்று பிச்சைமணி அலறிக்கொண்டு வந்தான். "மலை முழுக்கக் கேட்டுச்சு."

"எனக்குக் கேக்கலடா மாப்ள. சத்தியமா கேக்கல."

"அன்னைக்கு மெட்டுக்காரனுக்குக் கேட்டுச்சு. இன்னைக்கு எனக்குன்னா கேக்கலையா?"

வேதமுத்துவின் காதில் விழவில்லை, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். செங்கோட்டையன் மட்டும் சிரித்துக்கொண்டே போனான். "விசில் வந்தா நின்னுக்கோணும்னு எந்த ஊர்லீங்க சொன்னாங்க? நான் பந்தத்தானுங்க பாத்தேன்."

ஒரே தவறுக்கு இரண்டு தீர்ப்பு. அந்தப் பேச்சு அன்று மாலையே எல்லா லயத்துக்கும் போய்விட்டது. மெட்டுக்காரர்கள் ஏலக்காய் மூட்டை கொடுத்தார்கள் என்றார்கள் சிலர். காசு கொடுத்தார்கள் என்றார்கள் சிலர். காதுக்கு மட்டும் சம்பளம் வாங்கியவர் என்று ஸ்டோரிலேயே ஒருவன் அவர் முன்னால் சொன்னான். தண்ணீர்க் குழாயில் சந்தனமேரி குடத்தோடு போனால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பிச்சைமணி அக்கா வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று கோயில் படியில் நின்று சொன்னான். தாயும் தகப்பனும் இல்லாத அந்தத் தம்பிக்குச் சோறு ஊட்டி வளர்த்தவள் சந்தனமேரி. அவள் அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, புகை என்று சொல்லிக்கொண்டு அழுதாள்.

வேதமுத்து விசிலைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

அந்த வருடம்தான் மகள் அன்னமேரிக்குப் போடியிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. எல்லாம் பேசி முடிக்கிற சமயத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா சுற்றிலும் பார்த்தார்.

"பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லையா?"

"இருக்கான்" என்றாள் சந்தனமேரி.

"எங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. தாய்மாமன் கை வைக்காத தட்ட நாங்க வாங்கிக்கிற பழக்கம் இல்ல. உங்க வீட்டு வழக்கு தீரட்டும். நாங்க காத்திருக்கோம்" என்று எழுந்தார்கள். கொடுத்த காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்னமேரி அந்த டம்ளர்களை எடுத்துக் கழுவினாள். வேதமுத்துவுக்கு ஊர் சொன்ன எல்லாச் சொல்லையும்விட மகள் டம்ளர் கழுவிய அந்தச் சத்தம்தான் நெஞ்சில் தைத்தது.

"நான் பொய் சொல்லலம்மா" என்றார் மகளிடம்.

"எனக்குத் தெரியும்ப்பா. மாமாவுக்குத் தெரியணும்" என்றாள் அவள்.

அங்கே பிச்சைமணியும் சும்மா இருக்கவில்லை. தோல்வி அவனைத் தின்றது. தன் அணிப் பையன்களைத் தினமும் மாலையில் மைதானத்துக்கு இழுத்துப் போனான். அவர்கள் ஆட ஆட, ஓரத்தில் ஒருவன் நின்று விசில் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். எவன் நிற்கிறானோ அவன் அன்று லயம் முழுவதற்கும் தண்ணீர் சுமக்க வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் தண்ணீர் சுமந்தார்கள். மாதங்கள் போகப் போக யாரும் சுமக்கவில்லை. விசில் சத்தம் அவர்கள் காதில் குருவிச் சத்தம் போல ஆகிவிட்டது.

அடுத்த தை பிறந்தது. வேறு ஊரிலிருந்து ஒரு ரெஃப்ரியைக் கொண்டுவந்தார்கள். குருவிப்பாறை அணி அரையிறுதிக்கு வந்தபோதுதான் அந்தப் பயிற்சியின் விபரீதம் தெரிந்தது. ரெஃப்ரியே ஊதினார், நிற்கவில்லை. மறுபடி ஊதினார், நிற்கவில்லை. தவறு என்று ஊதிய பிறகும் ஓடிப் போய் மோதியதில் எதிர் அணிக்காரன் ஒருவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. மேட்ச் முடிந்ததும் அந்த ரெஃப்ரி குளிக்கக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டார்.

இறுதிப் போட்டி மறுபடியும் மெட்டுக்கும் குருவிப்பாறைக்கும். நடத்த ஆள் இல்லை. போட்டிக் கமிட்டியின் செயலாளர் சைனுதீன், பாலக்காட்டிலிருந்து வந்து மெட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், வேதமுத்துவின் வீட்டுக்கு வந்தார்.

"வேதமுத்தண்ணே, மறுக்கப்படாது. நீங்க வரலேன்னா போட்டியவே கேன்சல் பண்ணணும்."

"குருவிப்பாறைக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க பாய்."

"கேட்டுட்டுத்தான் வர்றேன். உங்க மச்சினன் என்ன சொன்னாரு தெரியுமா? 'அவரு ஊதட்டும். எங்க பயலுக எந்த விசிலுக்கும் நிக்க மாட்டானுக. அவரு ஊதுனா என்ன, ஊதாட்டி என்ன'ன்னு சொன்னாரு."

வேதமுத்து சிரித்தார். கசப்பான சிரிப்பு. "சரியாத்தான சொல்லிருக்கான். யாரு வேணும்னாலும் ஊதலாம்னு ஆனப்புறம் ரெஃப்ரி ஊதி என்ன ஆகப் போகுது? நான் அந்த விசிலத் தொட மாட்டேன் பாய்."

வாசலில் கோழிகளைக் கூப்பிட நின்றிருந்த சந்தனமேரி திரும்பினாள். அவள் கையில் வெண்கல மணி இருந்தது.

"விசிலத் தொட வேணாம்" என்றாள். "இதக் கொண்டுக்கிட்டுப் போங்க. இந்த மலையில இதுக்கு நிக்காதவன் யாரு?"

சைனுதீன் மணியைப் பார்த்தார். வேதமுத்துவைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரூல்ல இல்லைன்னு யாராச்சும் கேட்டா?" என்றார்.

"வேற வழி இருந்தா சொல்லச் சொல்லுங்க" என்றாள் சந்தனமேரி.

ஞாயிற்றுக்கிழமை மாலை வேதமுத்து மணியோடு மைதானத்தில் இறங்கியபோது எழுந்த சிரிப்பு உடும்பஞ்சோலை வரை கேட்டிருக்கும்.

"மாட்ட எங்கய்யா கட்டிட்டு வந்தீரு?"

"ஏலே, ரெஃப்ரிக்குப் புண்ணாக்கு கரைச்சு வைங்கடா."

"கையில எதுக்கு, கழுத்துல கட்டிக்கிட்டு ஓடச் சொல்லு."

வேதமுத்து நடுக்கோட்டில் நின்றார். இரண்டு அணிகளையும் கூப்பிட்டார். பிச்சைமணி அவர் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னைக்கு விசில் கிடையாது" என்றார் எல்லோருக்கும் கேட்கும்படி. "எவன் ஊதுனாலும் அது ஆட்டத்துல சேராது. மணி அடிச்சா நிக்கணும். அடிக்காட்டி ஆடணும். ரெண்டு பக்கத்துக்கும் இதே நியாயம். இப்பவே சொல்லிட்டேன், அப்புறம் எங்கிட்ட யாரும் வரக் கூடாது."

அந்த வருடமும் வாடகைக்கு வந்திருந்த செங்கோட்டையன் பணிவாகக் கையைத் தூக்கினான். "ஏனுங்க, ஒரு சந்தேகமுங்க. மணி அடிச்சா நாங்க வலத்தால திரும்போணுமா, இடத்தாலயா? வண்டியில பூட்டறப்பவே சொல்லீட்டா நல்லதுங்க."

"நீங்க கீழ விழாம நின்னாப் போதும் தம்பி" என்றார் வேதமுத்து.

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு அவர் பக்கம் இருந்தது. செங்கோட்டையனும் சிரித்துவிட்டான்.

ஆட்டம் தொடங்கியது. வேதமுத்து வேட்டை நாய் போலப் பந்தின் பின்னாலேயே ஓடினார். முழங்கால் கெஞ்சியது. போன வருடம் பின்தங்கியதற்கு வாங்கிய தண்டனை போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார்.

முதல் பாதியில் குருவிப்பாறைப் பையன் ஒருவன் கோலுக்கு முன்னால் செங்கோட்டையனின் காலைத் தட்டிவிட்டான். உண்மையான தட்டு. மணி அடித்தது. பாறையோடு ஒட்டி நிற்கிறவர்களைப் போல எல்லோரும் அப்படியே நின்றார்கள். பெனால்டி. எஸ்டேட் கூட்டத்திலிருந்து மண்ணாங்கட்டிகள் பறந்து வந்தன. ஒன்று வேதமுத்துவின் தோளில் விழுந்து உடைந்தது. அவர் துடைக்கவில்லை. செங்கோட்டையன் அடித்தான். மெட்டுக்கு ஒரு கோல்.

"மூட்டை இந்த வருஷமும் போயிருச்சுடா வீட்டுக்கு" என்று எஸ்டேட் பக்கத்தில் ஒருவன் கத்தினான். கூட்டத்தின் ஓரத்தில் அம்மாவோடு நின்றிருந்த அன்னமேரி அதைக் கேட்டாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறினார்கள். பிச்சைமணி இப்போது தமிழ்நாட்டுக் கோலில். காளிச்சாமி வழக்கமான நாற்காலியில், கேரளாக் கோல் அருகே. குருவிப்பாறைப் பையன் ஒருவன் பந்தோடு உள்ளே நுழைந்தபோது மெட்டு அணிக்காரன் அவன் காலைத் தட்டினான். முதல் பாதியில் நடந்தது போலவே. மணி அடித்தது. பெனால்டி. ஆளுக்கொரு கோல்.

இப்போது மெட்டுக்காரர்கள் கத்தினார்கள். ஆனால் எஸ்டேட் பக்கத்தில் மண்ணாங்கட்டி எறிந்த கைகள் மெதுவாகக் கீழே இறங்கின.

சிறிது நேரத்தில் செங்கோட்டையன் தமிழ்நாட்டுக் கோலுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தான். யாரும் தொடவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு, பெற்ற தாயைக் கூப்பிட்டுக் கதறினான். மெட்டுக் கூட்டம் பெனால்டி என்று எழுந்து நின்றது. மணி அடிக்கவில்லை. வேதமுத்து அவனைத் தாண்டிப் போகும்போது குனிந்து சொன்னார்.

"எந்திரிங்க தம்பி. பனி எறங்குது, சளி பிடிக்கும்."

செங்கோட்டையன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான். பிறகு எழுந்து உடம்பைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினான். பக்கத்தில் நின்ற பிச்சைமணியின் உதட்டில் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் மறைந்தது.

அதன் பிறகு குருவிப்பாறைப் பையன்கள் பந்தைப் பிடுங்கிக்கொண்டு கேரளாக் கோலை நோக்கிப் பாய்ந்தார்கள். நேரம் முடியப் போகிறது. வேதமுத்து கூடவே ஓடினார். மெட்டு அணியில் தடுக்க மிச்சம் இருந்தவன் ஒரே ஒரு பின்னாட்டக்காரன். உள்ளூர்ப் பையன், லயத்தில் பிறந்தவன்.

காளிச்சாமி வேறு வழியில்லாமல் மடியிலிருந்து விசிலை எடுத்து, கன்னம் உப்ப ஊதினார்.

குருவிப்பாறைப் பையன்கள் நிற்கவில்லை. அந்தச் சத்தத்துக்கு அவர்கள் தண்ணீர் சுமந்து தீர்த்தவர்கள். நின்றது மெட்டு அணியின் பின்னாட்டக்காரன். ரெஃப்ரி என்ன சொன்னார் என்பதெல்லாம் அவன் மூளைக்குத் தெரியும். அவன் காலுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து கேட்ட விசில், கால் நின்றுவிட்டது. பந்து அவனைக் கடந்து போய் வலையில் விழுந்தது.

மைதானம் வெடித்தது. மெட்டு அணியின் தலைவர், பெரிய ஏலக்காய் வியாபாரி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"விசில் அடிச்சது. என் ஆளு நின்னுட்டான். கோல் கிடையாது."

"மணி அடிக்கல முதலாளி. கோல்."

"விசில் உமக்குக் கேட்டுச்சா இல்லையா? கர்த்தர் சாட்சியாச் சொல்லும்."

கேட்கவில்லை என்று சொன்னால் தப்பிக்கலாம். வேதமுத்து அப்படிச் சொல்லவில்லை.

"கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு."

தலைவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "பாத்துக்குங்க சனங்களே. இந்த வருஷம் இவருக்குக் காது கேக்குது. போன வருஷம் மட்டும் செவிடு."

அந்த வார்த்தை மைதானத்தைச் சுற்றி ஓடியது. ஒரு வருடத்துக் கசப்பு, அடங்கியிருந்ததெல்லாம், மறுபடி எழுந்தது. தங்களுக்குக் கோல் கிடைத்த எஸ்டேட்காரர்கள்கூட அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஆமாம், போன வருடம் இந்தக் காது எங்கே போயிற்று? கூட்டத்தில் சந்தனமேரி ஜெபமாலையை இறுகப் பிடித்தாள்.

அப்போதுதான் தமிழ்நாட்டுக் கோலிலிருந்து பிச்சைமணி மூச்சு வாங்க ஓடி வந்து தன் அணிப் பையன்களிடம் சேர்ந்தான்.

"என்னடா, ஆட்டம் ஏன் நின்னுச்சு? கோல்தான?"

"விசில் அடிச்சதாம்ண்ணே. அதனால கோல் இல்லைங்கிறாரு முதலாளி."

"விசிலா? எப்ப?"

"இப்பத்தான். காளிச்சாமி ஊதுனாருல்ல. மலை முழுக்கக் கேட்டுச்சே."

"எனக்குக் கேக்கலையே" என்றான் பிச்சைமணி.

சொல்லிய பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவனுக்கே உறைத்தது. அப்படியே நின்றான். மெதுவாகத் திரும்பித் தான் நின்றிருந்த தமிழ்நாட்டுக் கோலைப் பார்த்தான். பள்ளத்திலிருந்து ஏறி வந்த காற்று அவன் தலைமுடியைக் கலைத்து, முகத்தில் அறைந்து, கேரளாக் கோல் பக்கமாகப் போயிற்று. இங்கே எழுகிற சத்தத்தை அங்கே போக விடாமல் அடித்துக்கொண்டு போகிற காற்று. போன வருடம் அந்த விசில் ஊதியபோது மச்சான் நின்றது அங்கே, தான் நின்றது இங்கே.

"காளிச்சாமிண்ணே" என்றான் பிச்சைமணி. "இன்னொரு வாட்டி ஊதுங்க. சைனுதீன் பாய், நாலு பேரக் கூட்டிக்கிட்டு அந்தக் கோலுக்குப் போங்க. முதலாளி, உங்க ஆளு ஒருத்தரையும் அனுப்புங்க."

அவர்கள் போனார்கள். காளிச்சாமி மறுத்தார், கூட்டம் விடவில்லை. ஊதினார். தமிழ்நாட்டுக் கோலில் நின்றவர்கள் எதற்குக் காத்திருக்கிறோம் என்பது போல நின்றார்கள். மறுபடி ஊதினார். கன்னம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க ஊதினார். அங்கே இருந்து சைனுதீன் இரண்டு கைகளையும் விரித்து, இன்னும் ஊதவில்லையா என்று சைகை செய்தார்.

மைதானமே சிரித்தது. சிரித்துக்கொண்டே பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திரும்பி வந்ததும் மெட்டு அணித் தலைவர் அனுப்பிய ஆளே, "ஒண்ணும் கேக்கல முதலாளி. காத்துதான்" என்றான்.

செங்கோட்டையன் தலைவரின் அருகே வந்தான். "இந்த ஊதற வேலையே ஆகாதுங்கன்னு நேத்தே சொன்னனுங்க. உழுந்து பொரள்றது என்னோட தொழிலு, அதுக்கே இவரு மசியலீங்க. கோல் கோல்தானுங்க. வாங்க, மிச்சத்த ஆடிப்போடலாம்."

பிச்சைமணி வேதமுத்துவின் முன்னால் போய் நின்றான். மண்ணாங்கட்டி விழுந்த அவர் தோளைத் தன் கையால் துடைத்துவிட்டான்.

"அங்கிட்டு நின்னாக் கேக்காது மச்சான்."

"ஆமாடா மாப்ள. கேக்காது."

வேதமுத்து அவன் முதுகில் தட்டினார். "கோலுக்குப் போ. ஆட்டம் முடியல. இன்னும் நான் ரெஃப்ரிதான்" என்றார்.

மிச்ச நேரம் ஆடினார்கள். கடைசி மணி அடித்தபோது குருவிப்பாறை இரண்டு, மெட்டு ஒன்று. எஸ்டேட் ஜனங்கள் கோப்பையைத் தூக்க ஓடவில்லை. ரெஃப்ரியைத் தூக்கினார்கள். தோளுக்கு மேல் அவர் ஆட ஆட, கையிலிருந்த மணி தானாக அடித்தது. கீழே இருந்தவர்கள் பழக்கத்தில் சட்டென்று நின்றார்கள். பிறகு சிரித்துக்கொண்டு நடந்தார்கள். மறுபடி அடித்தது, மறுபடி நின்றார்கள். ரோட்டுக்குப் போய்ச் சேர வெகு நேரம் ஆயிற்று.

அன்று பொழுது சாயும் நேரத்தில், சட்டையெல்லாம் சேறாகப் பிச்சைமணி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். ஒரு வருடமாக மிதிக்காத வாசல். உள்ளே வராமல் நிலைப்படியில் கையூன்றி, "அக்கா, குடிக்கத் தண்ணி குடு" என்றான்.

சந்தனமேரி செம்பை எடுத்து வந்தாள். ஓடி வந்ததில் பாதித் தண்ணீர் சிந்தியது. மீதியை அவன் குடித்தான்.

"போடிக்காரங்களுக்கு ஆள் அனுப்பு" என்றான். "தாய்மாமன் வந்துட்டான்னு சொல்லு."

"புகையடிக்குது" என்று சொல்லி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள் அவள். அடுப்பு பற்றவைத்திருக்கவில்லை.

ஈஸ்டர் கழிந்து அன்னமேரியின் கல்யாணம் நடந்தது. தட்டில் முதல் கை பிச்சைமணியின் கை. பந்திக்கு ஆட்களைக் கூப்பிட அவன் அந்த மணியைத்தான் அடித்தான். கல்யாணத்துக்கு எருத்தேன்பதியிலிருந்து செங்கோட்டையனும் வந்திருந்தான், கையில் ஒரு தார் வாழைப்பழத்தோடு. அழைப்பு அவனுக்கு யார் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

"நெல்லறுத்ததும் எங்கூர்ல செவன்ஸ் வெக்கறோமுங்க" என்றான் வேதமுத்துவிடம். "நீங்க வந்து நடத்தோணும். மணியோட வாங்க."

வேதமுத்து போனார். அறுத்த வயலில் நெல் தாள் குத்தக் குத்த ஓடினார். ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் செங்கோட்டையன் பழக்க தோஷத்தில் கோலுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தான். அவன் ஊர், அவன் ஜனம், எல்லோரும் பெனால்டி என்று எழுந்தார்கள். செங்கோட்டையன் படுத்தபடியே தலையைத் தூக்கி வேதமுத்துவின் கையைப் பார்த்தான். மணி ஆடவில்லை.

அவனாகவே எழுந்தான். "ஒண்ணுமில்லீங்க, நானா உழுந்தனுங்க" என்று தன் ஊர்க்காரர்களைப் பார்த்துக் கைகாட்டிவிட்டு, பந்தின் பின்னால் ஓடினான்.